கண்ணுக்குத் தெரியாத பட்டை

கூகுள் ஷீட்ஸின் சார்ட் எடிட்டரில் வட்ட வரைபடம் உண்டு, கோட்டு வரைபடம் உண்டு. ஒரு திட்டத்தின் வேலைகளைக் கால வரிசையில் பட்டைகளாகக் காட்டும் கான்ட் சார்ட் என்று தனி வகை அங்கே கிடையாது. அதனால் பலரும் ஒரு தந்திரம் செய்கிறார்கள். வேலையின் பெயர், திட்டம் தொடங்கி எத்தனை நாள் கழித்து அது ஆரம்பிக்கிறது, எத்தனை நாள் நடக்கும் என்று மூன்று நெடுவரிசைகளை நிரப்பி, பட்டைகள் ஒன்றன் வாலில் ஒன்று ஒட்டி நீளும் 'ஸ்டாக்டு பார்' வகையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு துண்டுகள் வருகின்றன. முதல் துண்டு காத்திருக்கும் நாட்கள், இரண்டாவது துண்டு வேலை நடக்கும் நாட்கள். முதல் துண்டின் நிறத்தை 'எதுவுமில்லை' என்று மாற்றியதும் அது மறைந்து, இரண்டாவது துண்டு அந்தரத்தில் நிற்கிறது. இப்படி எல்லா வரிசைகளும் படிக்கட்டாக இறங்கிவந்தால் கான்ட் சார்ட் தயார். ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைதான். ஆனால் நிறம் எடுத்து மறைத்த அந்தத் துண்டில்தான் விஷயமே இருக்கிறது. நிறமுள்ள பட்டை ஒரு வேலைக்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்பதைச் சொல்கிறது. அதை அந்தத் தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். நிறமில்லாத பட்டையோ அந்த வேலையை ஏன் அதற்கு முன்னால் தொடங்க முடியாது என்பதைச் சுமந்து நிற்கிறது. தாமதம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. எனவே அதன் நீளத்தைக் கையால் எழுதினோமா, கணக்கிலிருந்து வரவழைத்தோமா என்பதுதான் ஒரு வரைபடம் பயன்படுமா படாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

கணக்கிலிருந்து வரவழைக்க முடிவதற்குக் காரணம், விரிதாளுக்குத் தேதி என்பது வெறும் எண். 2026 பிப்ரவரி 2 என்று திரையில் தெரிவது உள்ளே 46055 ஆக இருக்கிறது. கூகுள் ஷீட்ஸில் இந்த எண்ணிக்கையின் பூஜ்ஜியம் 1899 டிசம்பர் 30. இந்த விசித்திரமான நாளுக்கு ஒரு கதை உண்டு. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் 1900ஐ லீப் ஆண்டாக எடுத்துக்கொண்டது, அது லீப் ஆண்டு இல்லை. லோட்டஸ் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்ஸெலும் அந்த இல்லாத பிப்ரவரி 29ஐ அப்படியே வைத்துக்கொண்டது. கூகுள் ஷீட்ஸ் அந்த நாளைச் சேர்க்காமல் எண்ணிக்கையின் தொடக்கத்தைப் பின்னால் தள்ளிவைத்ததால், 1900 மார்ச் 1 முதல் இரண்டு மென்பொருள்களிலும் ஒரே தேதிக்கு ஒரே எண் வருகிறது. பழைய பிழைக்கு இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்! நமக்கு இதில் வேண்டியது ஒன்றுதான்: தேதியோடு நாளைக் கூட்டலாம், தேதியிலிருந்து தேதியைக் கழிக்கலாம். ஆனால் தேதி எண்ணாகப் பதிவாகியிருந்தால் மட்டுமே இது நடக்கும். புள்ளி வைத்து 02.02.2026 என்று எழுதினால், கோப்பில் எந்த நாட்டின் வழக்கத்தை அமைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து அது எழுத்தாகவே தங்கிவிடக்கூடும். கட்டத்தின் இடது ஓரம் ஒட்டி நின்றால் எழுத்து, வலது ஓரம் நின்றால் எண். அமெரிக்க அமைப்பில் இருக்கும் கோப்பு 02/03 என்பதை மார்ச் 2 என்று படிக்காது, பிப்ரவரி 3 என்றே படிக்கும். கணக்கு ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பட்டைகள் அழகாகவே வரும்.

ஒரு வீட்டுக்கு மேல்தளம் போடும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். சென்ட்ரிங் அடிக்க 6 நாள், கம்பி கட்டி மின்குழாய் பதிக்க 3 நாள், கான்கிரீட் போட 1 நாள், பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி விட்டுவைக்க 14 நாள், சென்ட்ரிங் பிரிக்க 2 நாள், உள்பூச்சுக்கு 12 நாள். பிப்ரவரி 2, திங்கட்கிழமை தொடக்கம். இந்த ஒரு தேதியைத் தவிர வேறு எந்தத் தேதியையும் கையால் எழுதக்கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் 'எதற்குப் பிறகு' என்று ஒரு நெடுவரிசை வைத்து, அதில் உள்ள வேலை முடியும் தேதிக்கு அடுத்த வேலைநாளைத் தொடக்கமாக எடுக்கச் சொல்ல வேண்டும். 'வொர்க்டே' என்ற சூத்திரம் இதற்காகவே இருக்கிறது. ஆனால் அது சனி, ஞாயிறு இரண்டையும் விடுமுறையாக எடுத்துக்கொள்ளும். சனிக்கிழமை வேலை நடக்கும் இடங்களுக்கு அதன் இன்னொரு வடிவத்தில் 11 என்ற குறியீட்டைக் கொடுத்தால் ஞாயிறு மட்டும் கழியும். பொங்கல், தீபாவளிக்கு வெளியூர்க் கொத்தனார்கள் ஊருக்குப் போகும் நாட்களை ஒரு ஓரத்தில் பட்டியலிட்டு அதையும் சூத்திரத்துக்குக் காட்டிவிடலாம். ஒரு நாள் பிழை வரும் இடம் ஒன்று இங்கே உண்டு. 6 நாள் வேலை 2ஆம் தேதி தொடங்கினால் 7ஆம் தேதி முடியும், 8ஆம் தேதி இல்லை, ஏனென்றால் தொடங்கும் நாளும் ஒரு வேலைநாள். தொடக்கத் தேதியிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு எண்ணத் தொடங்கினால் சரியாக வரும். இதைக் கவனிக்காவிட்டால் ஒவ்வொரு வரிசையும் ஒரு நாளைத் திருடிக்கொண்டே போகும்.

இதற்குள்ளேயே ஒரு பொறி இருக்கிறது. கொத்தனாருக்கு ஞாயிறு விடுமுறை, கான்கிரீட்டுக்குக் கிடையாது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும் வேதிவினை கிழமை பார்ப்பதில்லை. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456, சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள் கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கச் சொல்கிறது, 4.5 மீட்டருக்கு மேல் இடைத்தூரம் உள்ள தளத்தின் முட்டுகளை 14 நாளுக்கு முன் எடுக்கக்கூடாது என்கிறது. ஆகவே அந்த ஒரு வரிசைக்கு மட்டும் வேலைநாள் சூத்திரம் கூடாது, வெறும் கூட்டல் போதும். பிப்ரவரி 12 வியாழனன்று கான்கிரீட் போட்டால் 13 முதல் 26 வரை காத்திருப்பு, 27, 28 தேதிகளில் சென்ட்ரிங் பிரிப்பு, மார்ச் 2இல் பூச்சு தொடக்கம், மார்ச் 14 சனிக்கிழமை முடிவு. எல்லா வரிசைக்கும் ஒரே சூத்திரத்தை இழுத்துவிட்டிருந்தால் காத்திருப்பு 28 வரை நீண்டு, சும்மா இரண்டு நாள் போயிருக்கும். இப்போது சென்ட்ரிங் பலகை வந்துசேர இரண்டு நாள் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். 6 என்ற எண்ணை 8 என்று மாற்றினால் கான்கிரீட் 14ஆம் தேதிக்கும், பூச்சுத் தொடக்கம் மார்ச் 4க்கும், முடிவு மார்ச் 17க்கும் நகர்கின்றன. ஓர் எண்ணைத் தொட்டதும் மறைந்திருக்கும் பட்டைகள் எல்லாம் தாமாகவே நீள்கின்றன. தேதிகளைக் கையால் எழுதிய வரைபடத்தில் ஒன்றும் நகராது. அங்கே சென்ட்ரிங் பட்டை மட்டும் நீண்டு கம்பி கட்டும் பட்டையின் மேல் ஏறி நிற்கும். ஆறு வரிசை என்றால் கண்ணில் படும், அறுபது வரிசையில் யார் கண்ணிலும் படாது.

இது ஏதோ விரிதாள் காலத்துக் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். கான்ட் சார்ட்டுக்குப் பெயர் கொடுத்த அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட் (1861–1919) தன் வரைபடங்களை முதல் உலகப் போர்க் காலம் வரை வளர்த்துக்கொண்டே வந்தார்; அவற்றை விளக்கி வாலஸ் கிளார்க் 1922இல் எழுதிய நூல்தான் அந்தப் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது. அந்த மூல வரைபடங்களில் ஒரு கட்டம் என்பது ஒரு நாளோ வாரமோ மட்டுமல்ல, அந்த நாளில் முடித்திருக்க வேண்டிய வேலையின் அளவும்கூட. உண்மையில் முடிந்த வேலையைக் கோடாக இழுத்து, கோடு எங்கே நிற்கிறது, காலம் எங்கே நிற்கிறது என்று ஒப்பிட்டார்கள். ஆனால் ஒரு வேலை இன்னொன்றை எப்படித் தள்ளுகிறது என்பதை அந்தத் தாள் காட்டவில்லை. காட்டியவர் இன்னொருவர். போலந்துப் பொறியாளர் கரோல் ஆடமியெக்கி, 1896 வாக்கிலேயே எஃகு உருட்டாலைகளுக்காக 'ஹார்மனோகிராம்' என்ற முறையை உருவாக்கினார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காகிதப் பட்டை. அதில் அந்த வேலைக்கு முன்னால் முடிய வேண்டியவை எவை, பின்னால் வரக் காத்திருப்பவை எவை என்ற குறிப்பு. ஒன்று நகர்ந்தால் அதைச் சார்ந்த பட்டைகளைக் கையால் நகர்த்தி வைப்பார்கள். 'எதற்குப் பிறகு' நெடுவரிசை அங்கேயே இருக்கிறது! அவர் எழுதியவை போலந்து, ரஷ்ய மொழிகளில் இருந்ததால் ஆங்கில உலகம் வெகுகாலம் கவனிக்கவில்லை. 1957இல் டூபான்ட் நிறுவனமும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து, ரசாயன ஆலைகளின் கட்டுமானத்துக்காக யூனிவாக் கணினியில் ஓட்டிய 'கிரிட்டிகல் பாத்' முறை, இதே சார்புக் கணக்கைத் திரும்பவும் கண்டுபிடித்தது. அதற்கு அன்று கணினி தேவைப்பட்டதற்குக் காரணம் படம் வரைவது இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லாத் தேதிகளையும் மீண்டும் கணக்கிட வேண்டியிருந்ததுதான். 1979இல் விசிகால்க் என்ற விரிதாள் வந்தபோது அந்த மறுகணக்கு சாதாரண மேசைக்கு வந்துசேர்ந்தது. அந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டு விரிதாளில் தேதிகளைத் தட்டச்சு செய்வது ஆடமியெக்கியின் காலத்துக்கும் முன்னால் போவதாகும்.

மறைந்த பட்டையைக் கணக்காக எழுதும்போதுதான் இன்னொரு உண்மை வெளியே வருகிறது. ஒரு வேலைக்கு முன்னால் முடிய வேண்டியவை ஒன்றுக்கு மேல் இருந்தால், அவை முடியும் தேதிகளில் எது கடைசியோ அதையே எடுக்க வேண்டும். விரிதாளில் 'மேக்ஸ்' சூத்திரம். இந்தச் சின்னச் சூத்திரம் தாமதத்தை மட்டும் கடத்தும், முந்தலைக் கடத்தாது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் எலக்ட்ரீஷியன், பிளம்பர், கொத்தனார் மூவரும் முடித்திருக்க வேண்டும் என்றால், முதல் இருவரும் மூன்று நாள் முன்னதாக முடித்துப் பயனில்லை, மூன்றாமவர் இரண்டு நாள் தாமதித்தால் டைல்ஸ் இரண்டு நாள் தாமதம்தான். ஒவ்வொருவரும் சொன்ன தேதியில் முடிக்க 80 சதவீத வாய்ப்பு இருக்கிறது, ஒருவர் தாமதம் மற்றவரைப் பாதிக்காது என்று கொண்டால், மூவரும் சேர்ந்து முடிக்கும் வாய்ப்பு 51 சதவீதம். கிட்டத்தட்ட பூவா தலையா. தனித்தனியாக நம்பகமான பட்டைகள் சேர்ந்து நம்பகமில்லாத ஒரு தேதியைத் தருகின்றன. படத்தை எவ்வளவு நேரம் உற்றுப்பார்த்தாலும் இது தெரியாது. கண் எதை நன்றாகப் படிக்கும் என்று வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கிலும் 1984இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வருகிறது. பொது அளவுகோலில் ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்பதைக் கண் துல்லியமாகப் படிக்கிறது. வெவ்வேறு இடங்களில் தொடங்கும் கோடுகளின் நீளத்தை ஒப்பிடுவதில் அவ்வளவு தேர்ச்சி இல்லை. மிதக்கும் பட்டைகளில் எந்த வேலை என்று முடியும் என்பது பளிச்சென்று தெரியும். எது நீளமான வேலை என்பது மங்கலாகத் தெரியும். எது எதைத் தடுத்து நிறுத்துகிறது என்பது தெரியவே தெரியாது.

கையிருப்பு நாட்களும் அப்படித்தான். மேலே சொன்ன வீட்டில் தச்சர் கதவு, ஜன்னல் பலகைகளைப் பிப்ரவரி 2இல் தொடங்கி 20 வேலைநாளில், அதாவது பிப்ரவரி 24இல் முடிக்கிறார் என்போம். அவை தேவைப்படுவது பூச்சு முடிந்த பிறகு, மார்ச் 16இல். இடையே 16 வேலைநாட்கள் கையிருப்பு. தச்சர் ஒரு வாரம் தள்ளிப்போட்டால் கோபப்படத் தேவையில்லை. சென்ட்ரிங் பலகை ஒரு நாள் தள்ளினால் லாரிக்குப் போன் போட வேண்டும். படத்தில் இரண்டும் ஒரே நீலப் பட்டைகள். கையிருப்பைக் கணக்கிடும் ஒரு நெடுவரிசை சேர்த்து, அது பூஜ்ஜியமாக இருக்கும் வரிசைகளை மட்டும் நிபந்தனை வடிவமைப்பால் சிவப்பாக்கினால் எங்கே காசும் கவலையும் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். என் பார்வையில் வரைபடத்தைவிட இந்த ஒரு நெடுவரிசைக்கு மதிப்பு அதிகம்.

இதற்கெல்லாம் ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. போடும் நாட்களே தவறு என்றால் சூத்திரம் என்ன செய்யும்? நியாயமான கேள்வி, ஆதாரமும் அந்தப் பக்கமே. 1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், பட்ட ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று மாணவர்கள் கணித்தார்கள். எல்லாமே மோசமாகப் போனால் எத்தனை நாள் என்றபோது 49 என்றார்கள். உண்மையில் ஆனது 55க்கும் மேல். அவர்கள் அஞ்சிய மோசமான நிலையைவிடவும் உண்மை மோசம். டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979லேயே இந்தப் போக்குக்குத் திட்டமிடல் மாயை என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் இந்த ஆதாரம் எதைக் குற்றம் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே எண்ணைக் கேட்டு, அதைக் கூர்மையான முனையுள்ள பட்டையாக வரைவதைத்தான். 1765இல் ஜோசப் பிரீஸ்ட்லி, சுமார் 2000 புகழ்பெற்ற மனிதர்களின் வாழ்நாளைக் கோடுகளாக வரைந்த விளக்கப்படத்தில், பிறந்த அல்லது இறந்த ஆண்டு உறுதியாகத் தெரியாத இடங்களில் கோட்டை நிறுத்திப் புள்ளிகள் வைத்தார். இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு நம் வரைபடங்கள் எதிர்காலத்தையே அவரைவிட உறுதியாக வரைகின்றன! 1958இல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய 'பெர்ட்' முறை மூன்று எண்களைக் கேட்டது: எல்லாம் நன்றாகப் போனால், வழக்கம்போல் போனால், எல்லாம் கெட்டால். நடு எண்ணை நான்கால் பெருக்கி மூன்றையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். பூச்சுக்கு 10, 12, 26 என்றால் வருவது 14. விரிதாளில் இதற்கு இரண்டு கூடுதல் நெடுவரிசை போதும், ஸ்டாக்டு பாரில் மங்கலான மூன்றாவது துண்டாக மிச்ச நாட்களையும் காட்டிவிடலாம். இந்தக் கணக்கும் முழுமையானதில்லை. மூன்று எண்களையும் சொல்வது அதே நம்பிக்கைக்கார மனிதர்தான். இருந்தாலும், 26 என்ற எண்ணைச் சொல்ல வைப்பதே பாதி லாபம், ஏனென்றால் அதைச் சொன்னவரிடம் 'அந்த 26 எப்படி வரும்?' என்று கேட்க முடிகிறது.

இன்னொரு மறுப்பு கருவி பற்றியது. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் போன்ற மென்பொருள்கள் இவற்றைத் தாமே செய்கின்றன. கூகுள் ஷீட்ஸிலேயே 2022இல் டைம்லைன் என்ற காட்சி வந்துவிட்டது. பிறகு எதற்கு இந்தச் சூத்திர வேலை? டைம்லைன், தேதிகள் இருக்கும் நெடுவரிசைகளை எடுத்துப் பட்டைகளாகக் காட்டுகிறது. அந்தத் தேதிகளைக் கணக்கிட்டுத் தர வேண்டியது நாம்தான். ஸ்டாக்டு பார் தந்திரத்துக்குப் பதிலாக அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், மேல்வரிசையில் தேதிகளைப் பரப்பி நிபந்தனை வடிவமைப்பால் கட்டங்களுக்கு நிறமேற்றும் முறையையும் பயன்படுத்தலாம். காட்சி எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். தனி மென்பொருளைப் பொறுத்தவரை, ஆயிரம் வேலைகள் கொண்ட பாலம் என்றால் அதுவே சரி, விரிதாளில் அதை முயல்வது வீண். நாற்பது வேலைகள் கொண்ட வீட்டுக்கோ ஒரு கல்லூரிக் கருத்தரங்குக்கோ விரிதாள் போதும், இணையத்தில் பகிர்ந்தால் இன்ஜினியரும் வீட்டுக்காரரும் ஒரே தாளைப் பார்க்கலாம். ஐந்து வேலைகள் என்றால் இது எதுவும் வேண்டாம், காலண்டரின் பின்பக்கம் போதும்.

இணையத்தில் பகிர்வதில்தான் மிகப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தோடு, கான்கிரீட் போட்ட உண்மையான தேதியை, சூத்திரம் இருந்த கட்டத்தின் மேலேயே எழுதிவிடுவார். அந்த நிமிடத்திலிருந்து அந்தக் கட்டத்துக்கு மேலே நடக்கும் எந்த மாற்றமும் கீழே இறங்காது. திரையில் எந்த எச்சரிக்கையும் வராது, பட்டைகள் முன்போலவே ஒழுங்காக நிற்கும். சூத்திரம் உள்ள நெடுவரிசைகளைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது, பூட்டலாம். ஆனால் பூட்டு மட்டும் போதாது. அவர் எழுத வந்த உண்மைத் தேதிக்கு ஓர் இடம் வேண்டும். 'நடந்த தொடக்கம்', 'நடந்த முடிவு' என்று இரண்டு நெடுவரிசைகள் தனியாக வைத்து, அவை நிரம்பியிருந்தால் அவற்றையும், காலியாக இருந்தால் கணக்கிட்ட தேதியையும் அடுத்த வேலை எடுத்துக்கொள்ளும்படி 'இஃப்' சூத்திரம் எழுத வேண்டும். திட்டத்தையும் நடப்பையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கான்ட் தாளில் செய்தது இப்படித்தான் விரிதாளுக்குத் திரும்பி வருகிறது.

அப்படிச் செய்தவுடன் கடைசியாக ஒரு சிக்கல் முளைக்கிறது, இந்த முறைக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது அதுதான். தானாக நகரும் வரைபடம் எப்போதும் ஒழுங்காகவே தெரியும். ஒவ்வொரு தாமதத்தையும் உள்வாங்கிக்கொண்டு புதிய முடிவுத் தேதியைச் சமர்த்தாகக் காட்டும். மார்ச் 14 மார்ச் 17 ஆகி, பிறகு ஏப்ரல் 2 ஆனாலும், முதலில் என்ன சொன்னோம் என்பது தாளில் எங்கும் இருக்காது. கையால் எழுதிய தேதிக்கு இந்த ஒரு நேர்மையாவது உண்டு, அது சொன்ன சொல்லில் நிற்கும். ஆகவே வேலை தொடங்கும் முன்தினம், கணக்கிட்ட தொடக்கத்தையும் முடிவையும் நகலெடுத்து, 'மதிப்புகளை மட்டும் ஒட்டு' என்ற கட்டளையால் பக்கத்து நெடுவரிசைகளில் சூத்திரமில்லாத எண்களாக ஒட்டி, யாரும் தொடாதபடி பூட்டிவிட வேண்டும். அதற்கு அடுத்த நெடுவரிசையில் இன்றைய முடிவுத் தேதியிலிருந்து பூட்டிய முடிவுத் தேதியைக் கழித்தால் ஒவ்வொரு வேலையும் எத்தனை நாள் வழுக்கியது என்பது எண்ணாக வரும். அந்த எண் முதன்முதலில் எந்த வரிசையில் பூஜ்ஜியத்தைத் தாண்டியது என்று மேலிருந்து கீழே பார்த்தால், வீட்டுக்காரரும் மேஸ்திரியும் பேச வேண்டிய வேலை எது என்று தெரியும். அது பெரும்பாலும் இருவரும் அன்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும் வேலையாக இருப்பதில்லை.